வாங்காத பங்குகளின் கணக்கு

வீட்டுக் கணக்கு எழுதும் மென்பொருள் எதுவானாலும் அதன் முக்கிய வேலை, நம்மிடம் இருப்பதை எண்ணிச் சொல்வது. வங்கியில் எவ்வளவு, வீட்டுக் கடனில் பாக்கி எவ்வளவு, இந்த மாதம் மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போனது எவ்வளவு. அதே மென்பொருளில் நம்மிடம் இல்லாதவற்றுக்கென்றும் ஒரு பக்கம் உண்டு. வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பங்கு, விற்றுவிட்ட பிறகும் கண்ணை எடுக்க முடியாத பங்கு, நண்பர் சிபாரிசு செய்த ஃபண்ட் எல்லாம் அங்கே வரிசைகட்டி நிற்கும். பெயர், விலை, இன்றைய ஏற்ற இறக்கம், அதற்கேற்ற பச்சை அல்லது சிவப்பு. இதைத்தான் வாட்ச்லிஸ்ட் என்கிறார்கள். இதைவிட எளிய திரை கிடையாது என்று தோன்றும். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. பாதி கணினியுடையது, மீதி நம்முடையது.

இந்தத் துறையின் மூத்த மென்பொருள் ‘க்விக்கன்’. 1983இல் ஸ்காட் குக்கும் டாம் ப்ரூவும் அமெரிக்காவில் தொடங்கிய இன்ட்யூட் நிறுவனம் உருவாக்கியது. காசோலை எழுதுவதையும் பில் கட்டுவதையும் எளிதாக்க வந்தது, போகப்போக முதலீட்டையும் உள்ளே இழுத்துக்கொண்டது. 1994இல் மைக்ரோசாஃப்ட் 150 கோடி டாலர் கொடுத்து இன்ட்யூட்டையே வாங்கப் பார்த்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க நீதித் துறை வழக்குப் போட்டதும் பின்வாங்கியது. சாதாரண வீட்டுக் கணக்கு நிரலுக்கு அவ்வளவு மவுசு இருந்த காலம் அது.

க்விக்கனின் உள்ளமைப்பைக் கவனித்தால் வாட்ச்லிஸ்ட் எப்படி இயங்குகிறது என்பது விளங்கிவிடும். அதில் கணக்குகள் ஓர் அட்டவணை. பங்கு, ஃபண்ட், கடன்பத்திரம் ஆகியவற்றின் பெயர்கள் இன்னோர் அட்டவணை. நாம் ஒரு பங்கை வாங்கும்போது அந்த இரண்டையும் இணைக்கும் பரிவர்த்தனை ஒன்று பதிவாகிறது. வாங்காத பங்குக்குப் பரிவர்த்தனை கிடையாது, பெயர் மட்டும் இருக்கும். பெயருக்கு எதிரே ‘கண்காணி’ என்ற கட்டத்தில் டிக் அடித்தால் போதும், இணையத்திலிருந்து விலைகளை இறக்கும்போது அதற்கும் சேர்த்து இறங்கும். ‘குனுகேஷ்’ என்ற கட்டற்ற மென்பொருளிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ‘ஃபைனான்ஸ் கோட்’ என்ற பெர்ல் மொழி நிரல்தொகுப்பு வெளியே போய் விலையை எடுத்துவரும். அது தேதியோடு விலைத் தரவுத்தளத்தில் சேர்ந்துகொண்டே போகும். அதாவது விலை என்பது பங்கின் குணம். அது யாரிடம் இருக்கிறது என்பது தனிக் கேள்வி.

இப்படி ஒரு பட்டியல் எதற்கு? கலிஃபோர்னியாவின் நிதியியல் பேராசிரியர்கள் பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. விற்பவருடைய பிரச்சினை சிறியது. கையில் இருக்கும் ஐந்தாறு பங்குகளில் ஒன்றைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். வாங்குபவருக்கு முன்னால் நிற்பவையோ ஆயிரக்கணக்கான கம்பெனிகள். மும்பை பங்குச் சந்தையில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. அத்தனையையும் அலசிப் பார்க்க யாராலும் முடியாது. ஆகவே எது கண்ணில் படுகிறதோ அதை வாங்குகிறார்கள். செய்தியில் அடிபட்ட பங்கு, வழக்கத்தைவிடப் பல மடங்கு கைமாறிய பங்கு, முந்தைய நாள் தாறுமாறாக ஏறிய அல்லது இறங்கிய பங்கு ஆகியவற்றைத் தனிநபர்கள் விற்பதைவிட அதிகமாக வாங்குகிறார்கள் என்று புரோக்கர் கணக்குகளை வைத்து இருவரும் காட்டினார்கள். விலை சரிந்தாலும் வாங்குகிறார்கள், ஏறினாலும் வாங்குகிறார்கள். கவனத்தை இழுப்பதுதான் கணக்கு.

ஆடித் தள்ளுபடி நேரத்தில் துணிக்கடைக்குள் போகிறவர் கையில் ஒரு சீட்டு இருப்பதும் இல்லாமலிருப்பதும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு வித்தியாசம் வாட்ச்லிஸ்ட்டோடு சந்தைக்குப் போவதிலும் உண்டு. ஆயிரக்கணக்கில் இருப்பதை இருபதாகக் குறைக்கும் வேலையை, செய்தி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டிவிட்டுச் செய்துவைக்கலாம். திங்கட்கிழமை டிவியில் எது கத்தினாலும் பட்டியலில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி ஆகிவிடும். கத்துகிறதையெல்லாம் அன்றன்றைக்கே பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால் அந்தப் பலன் போச்சு. நூற்றைம்பது பெயர் உள்ள வாட்ச்லிஸ்ட் இன்னொரு சந்தைதான்.

இனி எண்ணுக்கு வருவோம். திரையில் தெரியும் விலை எந்த நேரத்து விலை? நியூயார்க் பங்குச் சந்தையின் விலைகளைத் தந்தி வழியே காகித நாடாவில் அச்சடிக்கும் ‘டிக்கர்’ கருவியை 1867இல் எட்வர்ட் கலஹன் கொண்டுவந்தார். எடிசன் அதை மேம்படுத்தினார். கம்பெனிப் பெயரை முழுதாக அடிக்க நாடாவில் இடமில்லை என்பதால் சுருக்கெழுத்துகள் வந்தன. அவற்றைத்தான் இன்றும் டிக்கர் என்கிறோம். 1929 அக்டோபர் 24 அன்று விற்பனை வெள்ளமாகப் பாய்ந்தபோது இந்த நாடாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. பிற்பகல் 3 மணிக்குச் சந்தை மூடி நான்கு மணி நேரம் கடந்த பிறகும் அது அன்றைய விலைகளை அச்சடித்துக்கொண்டிருந்தது. தங்கள் பங்கு என்ன விலைக்குப் போகிறது என்றே தெரியாமல் பலர் அன்றைக்கு விற்றுத் தள்ளினார்கள்.

இன்றைக்கு மின்னணு வேகத்தில் அந்தத் தாமதம் கிடையாது. ஆனாலும் வீட்டுக் கணக்கு மென்பொருளில் இலவசமாக இறங்கும் விலை பெரும்பாலும் 15 அல்லது 20 நிமிடம் பழையதாகவே இருக்கும். காரணம் வியாபாரம். நேரடி விலையைச் சந்தைகள் கட்டணத்துக்கு விற்கின்றன, சற்று ஆறியதை மலிவாகவோ இலவசமாகவோ தருகின்றன. நீண்டகால முதலீட்டாளருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஐந்தாண்டு வைத்திருக்கப்போகும் பங்குக்கு இருபது நிமிடம் என்ன பெரிய காரியம்?

நம்மூர்க்காரர்கள் அடிக்கடி குழம்புகிற இடம் வேறு. மாலை 3.30 மணிக்கு நடந்த கடைசி வியாபாரத்தின் விலை ஒன்று. பிறகு ‘க்ளோசிங்’ என்று பதிவாகும் விலை இன்னொன்று. தேசியப் பங்குச் சந்தையின் நீண்டகால நடைமுறைப்படி, கடைசி அரைமணி நேரத்தில் நடந்த வியாபாரங்களை அளவுக்கேற்ப எடைபோட்டு எடுத்த சராசரிதான் க்ளோசிங். கடைசி நொடியில் ஒருவர் சில பங்குகளை வாங்கி விலையைத் தூக்கிக் காட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. மூன்றரைக்கு ஒரு தடவையும் நாலரைக்கு ஒரு தடவையும் பார்த்து, மூடிய சந்தையில் விலை எப்படி மாறியது என்று திகைப்பவர்கள் திகைக்க வேண்டியதில்லை. மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. நாளுக்கு ஒரே ஒரு என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் மதிப்பு), சந்தை மூடிய பிறகு கணக்கிடப்பட்டு இரவில் வெளியாகும். ஃபண்டுகளின் சங்கமான ஆம்ஃபி அதை ஒரே உரைக்கோப்பாக இணையத்தில் வைக்கிறது. பகலில் ஃபண்டின் வரிசையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர் நேற்றைய எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த சிக்கல் பெயரில். மைக்கேல் ராஷஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் 2001இல் ஒரு வேடிக்கையான கட்டுரை எழுதினார். எம்சிஐ என்ற தொலைபேசிக் கம்பெனியின் டிக்கர் ‘எம்சிஐசி’. ‘எம்சிஐ’ என்ற டிக்கரோ மாஸ்மியூச்சுவல் கார்ப்பரேட் இன்வெஸ்டர்ஸ் என்ற, தொலைபேசிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முதலீட்டு ஃபண்டுக்கு உரியது. தொலைபேசிக் கம்பெனியை யாரோ வாங்கப்போகிறார்கள் என்று செய்தி வந்த நாட்களில் இந்த ஃபண்டின் வியாபாரமும் சேர்ந்தே எகிறியது. 2020இல் கொரோனா வந்து எல்லோரும் வீட்டிலிருந்தே ஜூமில் பேசத் தொடங்கியபோது, ‘ஜூம் டெக்னாலஜிஸ்’ என்ற வேறொரு சிறு கம்பெனியின் பங்கை அதன் டிக்கர் ‘ஜூம்’ என்றே இருந்ததால் வாங்கிக் குவித்தார்கள். வீடியோ கம்பெனியின் டிக்கர் ‘இசட்எம்’. குழப்பம் முற்றி, அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்கப் பங்கு ஒழுங்குமுறை ஆணையமே சிறு கம்பெனியின் வியாபாரத்தைச் சில நாள் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

டிக்கரை நம்பி வாட்ச்லிஸ்ட்டில் பெயர் சேர்ப்பவருக்கு இது நடக்க ஒரு நொடி போதும். தப்பிக்க வழி, ஐசின் எனப்படும் 12 இடங்கள் கொண்ட உலகப் பொது எண். ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் பங்குக்கு அது ஐஎன்இ002ஏ01018. முதல் இரண்டு எழுத்து இந்தியாவைக் குறிக்கும். கடைசியில் நிற்கும் 8 சரிபார்ப்பு இலக்கம். அது தனியாக வைத்த எண் கிடையாது, முன்னால் உள்ள பதினொன்றிலிருந்து கணக்கிட்டு எடுத்தது. எழுத்துகளை எண்ணாக்கி (ஏ என்றால் 10, பி என்றால் 11 என்று வரிசையாக), வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து, வரும் இலக்கங்களையெல்லாம் கூட்டினால் இங்கே 32 வருகிறது. அடுத்த பத்தின் மடங்கான 40ஐ எட்ட 8 தேவை. எங்காவது ஒரு இலக்கத்தைத் தப்பாகத் தட்டினால் கூட்டல் ஒத்துவராது, மென்பொருள் உடனே கண்டுபிடித்துவிடும். வங்கி அட்டை எண்களின் கடைசி இலக்கமும் இதே கணக்குத்தான். பட்டியலில் ஐசினுக்கு ஒரு நெடுவரிசை வைத்துக்கொள்வது கொஞ்சம் கணக்குப்பிள்ளைத்தனமாகத் தோன்றலாம். டிக்கர் மாறும், கம்பெனிப் பெயரும் மாறும். அப்போது உதவுவது இதுதான்.

சரியான பங்கு, சரியான நேரத்து விலை. அப்போதும் எண் பொய் சொல்லலாம். 2024 அக்டோபர் 28 காலையில் வாட்ச்லிஸ்ட்டைத் திறந்த சிலருக்கு ரிலையன்ஸ் வரிசை பாதியாகச் சரிந்து தெரிந்தது. முந்தைய வர்த்தக நாளில் 2,650 ரூபாயை ஒட்டி இருந்த பங்கு 1,330 சொச்சத்தில் நின்றது. நடந்தது சரிவே இல்லை. ஒரு பங்குக்கு ஒரு பங்கு என்ற போனஸ் அன்றைக்குத்தான் நடைமுறைக்கு வந்தது. பங்கின் எண்ணிக்கை இரண்டு மடங்கானதால் ஒவ்வொன்றின் விலையும் பாதியானது, மொத்த மதிப்பில் மாற்றமில்லை. பழைய விலைகளையெல்லாம் பின்னோக்கி இரண்டால் வகுத்துக்கொள்ளும் மென்பொருளில் கோடு வழுக்கிக்கொண்டு போகும். வகுக்காததில் பள்ளத்தாக்கு தெரியும். அமெரிக்காவில் 2024 ஜூனில் என்விடியா பங்கு ஒன்று பத்தானபோதும் இதே கதைதான். பங்கை வைத்திருப்பவருடைய டீமேட்டில் கூடுதல் பங்கு வந்து விழுந்துவிடும், கணக்கு நேராகிவிடும். வாட்ச்லிஸ்ட்டில் எண்ணிக்கையே கிடையாதே, நேராக்க என்ன இருக்கிறது? ஆகவே போனஸ், பங்குப் பிரிப்பு, கம்பெனிப் பிரிப்பு ஆகியவற்றில் ஏமாறுகிறவர்கள் பங்கை வைத்திருப்பவர்களைவிட, வெளியே நின்று பார்ப்பவர்கள்தான்.

டிவிடெண்ட் இதைவிட ஓசையில்லாமல் ஏமாற்றும். கம்பெனி பங்குக்கு 10 ரூபாய் கொடுத்தால், அதற்கான தேதியில் விலை ஏறக்குறைய 10 ரூபாய் இறங்கித்தான் தொடங்கும். வைத்திருப்பவர் வங்கிக்குப் பணம் வந்துவிடுகிறது. பார்ப்பவர் திரையில் இறக்கம் மட்டும் தெரிகிறது. ஒரு தடவை என்றால் பரவாயில்லை, பத்து ஆண்டில் பெரிய தொகை. இதனால்தான் மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் சாதனையை டிவிடெண்டையும் சேர்த்த குறியீட்டெண்ணோடு ஒப்பிட வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2018 பிப்ரவரியிலிருந்து விதித்தது. வீட்டு மென்பொருள்களுக்கு அப்படி விதி போட ஆளில்லை. அதிகம் டிவிடெண்ட் தரும் பழைய கம்பெனிகள் வாட்ச்லிஸ்ட்டில் எப்போதும் சோகையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இதுவரை சொன்னது கணினியின் பாதி. நம்முடைய பாதி, எத்தனை தடவை பார்க்கிறோம் என்பதில் தொடங்குகிறது. ஒரு பங்குத் தொகுப்பு ஆண்டுக்குச் சராசரியாக 12 சதவீதம் வளர்கிறது, ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருவாய் இயல்நிலைப் பரவலில் அமைந்தால் கணக்கு இப்படிப் போகிறது: ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பவர் பச்சையைக் காணும் வாய்ப்பு 73 சதவீதம். மாதம் ஒரு முறை என்றால் 57. தினமும் பார்த்தால் 51.5தான். சராசரி வளர்ச்சி நாட்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது, ஏற்ற இறக்கமோ அதன் வர்க்கமூலத்தில்தான் கூடுகிறது. காலத்தைச் சுருக்கச் சுருக்க வளர்ச்சி கரைந்து இரைச்சல் மட்டும் மிஞ்சும். ஆண்டின் 250 வர்த்தக நாளில், தினமும் பார்ப்பவர் 129 நாள் பச்சையையும் 121 நாள் சிவப்பையும் பார்ப்பார். பங்கு நல்ல பங்கு என்று முதலிலேயே வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் போட்டோம் என்பதை மறக்கக் கூடாது.

நூறு ரூபாய் கிடைத்த மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் போன வலி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் அளந்து சொன்னது. 121 சிவப்பையும் இரண்டால் பெருக்கினால், நல்ல பங்கை வைத்துக்கொண்டே ஆண்டு முழுதும் வருந்தலாம். 1997இல் இவர்களோடு ரிச்சர்ட் தேலரும் ஆலன் ஷ்வார்ட்ஸும் சேர்ந்து நடத்திய ஒரு சோதனை வெளியானது. ஒரே இரண்டு ஃபண்டுகள். ஒரு குழுவுக்கு மாதத்துக்கு ஒரு முறையும் இன்னொரு குழுவுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் முடிவைக் காட்டுவதுபோல அமைத்தார்கள். கடைசியில் பணத்தைப் பிரிக்கச் சொன்னபோது, அடிக்கடி பார்த்தவர்கள் ஏற்ற இறக்கம் மிகுந்த பங்கு ஃபண்டில் சுமார் 40 சதவீதம்தான் போட்டார்கள். அரிதாகப் பார்த்தவர்கள் சுமார் 70 சதவீதம்.

நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. வில்லியம் பேஸ்லி, ஹென்ரிக் க்ரான்க்விஸ்ட், மிலிகா மோர்மன் மூவரும் 2021இல் ‘மேனேஜ்மென்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், அதே இழப்பைச் சிவப்பில் காட்டினால் மனிதர்கள் மேலும் பின்வாங்குகிறார்கள் என்று தெரிந்தது. நிறக்குருடு உள்ளவர்களிடம் அந்த விளைவு இல்லை. சீனாவிலும் அது எடுபடவில்லை. அங்கே சந்தைத் திரையில் சிவப்பு என்றால் ஏற்றம். அமைப்புகளில் நிறத்தை அணைக்க வழியிருந்தால் அணைத்துவிடலாம். கறுப்பு எழுத்தில் கழித்தல் குறி தெரிந்தாலே விஷயம் புரிந்துவிடுகிறது.

வாட்ச்லிஸ்ட்டுக்கென்றே தனியாக ஒரு வினோதம் இருக்கிறது. கையில் இருக்கும் பங்கு இறங்கினால் வலிக்கும். வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் பங்கு ஏறினால்தான் வயிறு எரியும். ‘அன்றைக்கே வாங்கியிருக்கலாம்’ என்ற வாக்கியத்தை உற்பத்தி செய்வதில் இதற்கு ஈடான இயந்திரம் இல்லை. பச்சை இங்கே குத்துகிறது, குத்தல் தாங்காமல் உச்சியில் போய் வாங்குகிறோம். வைத்திருப்பவற்றையும் பார்ப்பவற்றையும் ஒரே திரையில் கலந்து வைத்தால் எந்த நிறமும் நிம்மதி தராது; இரண்டையும் பிரித்து வைப்பதே நல்லது. பரபரப்பாக வாங்கி விற்பதன் விலையையும் பார்பர், ஓடீன் இருவருமே அளந்திருக்கிறார்கள். 1991 முதல் 1996 வரை 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்ததில், சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்தபோது மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம்.

பட்டியலில் பெயரைச் சேர்த்த நாளின் விலையை மென்பொருள் பல நேரம் தானாகவே குறித்துக்கொள்ளும். பயனுள்ளதுதான், ஆனால் அது மனசில் நங்கூரமாக இறங்கிவிடும். கானமனும் ட்வெர்ஸ்கியும் 1974இல் எழுதிய கட்டுரையில் ஒரு சுழல்சக்கரம் வருகிறது. சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்கள், ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் 25 சதவீதம் என்று ஊகித்தார்கள்; 65இல் நின்றதைப் பார்த்தவர்கள் 45 சதவீதம் என்றார்கள். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன உறவோ, நீங்கள் பெயர் சேர்த்த நாளின் விலைக்கும் கம்பெனியின் மதிப்புக்கும் அதே உறவுதான். 400இல் சேர்த்த பங்கு 460 ஆனதும் ‘விலை கூடிவிட்டது’ என்று விலகுகிறோம். இடையில் கம்பெனியின் லாபம் இரண்டு மடங்காகியிருக்கலாம். அந்த விலைக்குப் பக்கத்தில் ஒரு வரி காரணமும் எழுதிவைத்தால் நங்கூரத்தின் பிடி தளரும்: ‘கடன் 2 ஆண்டில் பாதியானால் வாங்கலாம்’, ‘இந்த விலையில் லாபத்தைப்போல் 40 மடங்கு, 25க்கு வரட்டும்’. குறிப்பு எழுதப் பல மென்பொருள்களில் இடம் இருக்கிறது. எழுதியவர்களைத்தான் அதிகம் காணோம். விலை எச்சரிக்கை வசதியையும் இதோடு பூட்டிவிடலாம். குறித்த விலை வந்ததும் தகவல் அனுப்பும் வேலை இயந்திரத்துடையது. அதற்காக நாம் தினமும் திறந்து 121 சிவப்பை எண்ண வேண்டியதில்லை.

பட்டியலின் முதல் வரிசையில் நிஃப்டி 50 போன்ற ஒரு குறியீட்டெண்ணையும் போட்டுவைக்க வேண்டும். பங்கு 8 சதவீதம் ஏறியது என்பதற்குத் தனியாக அர்த்தம் இல்லை. அதே காலத்தில் நிஃப்டி 15 ஏறியிருந்தால் அந்தப் பங்கு பின்தங்கியிருக்கிறது.

கடைசியாக, பெயரை நீக்குவது. சலிப்பூட்டிய பங்கையும் சரிந்துபோன பங்கையும் எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்ப்பது எல்லோரும் செய்வதுதான். இப்படி இரண்டு ஆண்டு போனால் மிஞ்சுபவை ஏறியவை மட்டுமே. பட்டியலைப் பார்க்கும்போது நம் தேர்வெல்லாம் பொன்னாகத் தெரியும். மூடப்பட்ட ஃபண்டுகளை விட்டுவிட்டுச் சராசரி போட்டால் ஃபண்டுகளின் வருவாய் கூடுதலாகத் தெரிவது ஆய்வாளர்களுக்குப் பழக்கமான கோளாறு. வீட்டுக் கணினியிலும் அதே கோளாறு சத்தமில்லாமல் நுழைகிறது. க்விக்கனில் ‘கண்காணி’ டிக்கை மட்டும் எடுத்துவிடலாம், பெயரும் பழைய விலைகளும் அடியில் தங்கும். பல செயலிகளில் நீக்கினால் அடியோடு போய்விடுகிறது. அப்படிப்பட்ட செயலி வைத்திருப்பவர் நீக்கும் முன் பெயர், சேர்த்த தேதி, எடுத்த தேதி, இரண்டு நாளின் விலை, அந்நாட்களின் நிஃப்டி, எடுத்த காரணம் ஆகியவற்றை ஒரு விரிதாளில் ஏற்றிக்கொள்வது நல்லது.